ஈயம் ஒன்றா, இரண்டா?



மனிதன் கல்லைக் கருவியாகக் கொண்டு வாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்ததற்கு உலோகங்கள் பெருந்துணை புரிந்தன. உழும் கலப்பையும், ஓடும் புகைவண்டியும், சோறு சமைக்கும் பானையும், கோயில் மணியும், பால் மரம் சீவும் உளியும் உலோகத்தால் ஆனவையே. எனினும் இவ்வுலோகங்கள் மண்ணுக்குள் எந்நிலையில் கிடக்கின்றன, அவற்றை எவ்வாறு பிரித்தெடுக்கின்றனர், பிரித்தெடுத்ததை ஏன் மீண்டும் வேறொன்றுடன் கலக்கின்றனர் என்பவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கட்டுரையில் நம் நாட்டின் ஈயத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம். நாம் வாழும் கோலாலம்பூர் மாநகரம் ஈயத்தால் உருவானது என்பது ஒரு காரணம். ஈயம் என்னும் பெயரில் ஏற்படும் ஒரு குழப்பம் நம் இல்லங்களின் அடுக்களை வரை வந்து, குழந்தைகளின் உடல்நலத்தையே தாக்கக்கூடும் என்பது மற்றொரு காரணம். பின்னதே இன்றியமையாதது. ஆதலின், பெற்றோரும் தோட்டப் பாட்டாளிகளும் இக்கட்டுரையை இறுதிவரை படிக்குமாறு வேண்டுகிறோம்.

ஒரு பெயர், இரண்டு உலோகங்கள்

தமிழில் ஈயம் என்று பொதுவாக வழங்கப்படும் உலோகங்கள் இரண்டு. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இவை உடன்பிறப்புகள் போல ஒரே பெயரைப் பெற்றிருந்தாலும் குணத்தால் முற்றிலும் வேறானவை.

வெள்ளீயம் வெள்ளி போன்ற நிறமுடையது. 232 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகுவது. ஒரே அளவுள்ள தண்ணீரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு கனமானது. காற்றிலும் நீரிலும் எளிதில் கெடாதது. உணவோடு பட்டாலும் பெருந்தீங்கு விளைவிக்காதது.

காரீயம் கருநீலம் கலந்த சாம்பல் நிறமுடையது. 327 பாகையில் உருகுவது. தண்ணீரைவிட ஏறத்தாழ பதினொரு மடங்கு கனமானது. நகத்தால் கீறினாலும் கோடு விழும் அளவுக்கு மென்மையானது. உடலுக்குள் சென்றால் நஞ்சாவது.

நம் நாட்டில் ஈயச் சுரங்கம், ஈயக் குட்டை என்று நாம் கூறுவதெல்லாம் வெள்ளீயத்தையே குறிக்கும். மலாய் மொழியில் இதனைத் தீமா என்பர். வாகன மின்கலங்களிலும் தூண்டில் குண்டுகளிலும் இருப்பதோ காரீயம். இரண்டையும் வெறுமனே ஈயம் என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம் பிறக்கின்றது. இவ்வேற்றுமையை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நகரை எழுப்பிய தாது

1857-ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேடி அனுப்பினார். அவர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து, அவ்வாறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் கரையேறினர்; அங்கிருந்து காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு திங்களுக்குள் அவர்களுள் பெரும்பாலோர் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாயினர். ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. 1859-ஆம் ஆண்டில் அம்பாங்கிலிருந்து முதன்முதலாக ஈயம் ஏற்றுமதியாயிற்று. ஆறுகள் கூடும் அச்சேற்று நிலமே கோலாலம்பூர் ஆனது.

ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதற்காகவே இருப்புப் பாதைகளும் தோன்றின. 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே நாட்டின் முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை பாதை அமைந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸையும் நம் பங்சாரின் ஓரத்தையும் கடந்து போர்ட் கிள்ளானுக்குச் செல்லும் ரயில், அப்பழைய பாதையின் வழித்தோன்றலே ஆகும். அக்காலத்து இருப்புப் பாதைகளில் மண் வெட்டியும் தண்டவாளம் சுமந்தும் உழைத்தவர்களுள் தமிழர் பலர் என்பதை நாம் மறத்தலாகாது.

சுரங்கத் தொழிலிலும் தமிழர் ஒருவர் முன்னோடியாகத் திகழ்ந்தார். கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தை 1873-இல் நிறுவியவரான கா. தம்புசாமிப் பிள்ளை அவர்கள், லோக் இயூ என்னும் சீனச் செல்வருடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பது பெரும் தொல்லையாக இருந்தது. அதற்காக இவ்விருவரும் 1894-ஆம் ஆண்டில் மின்னாக்கி இயந்திரத்தை நிறுவி, மின் விசையால் நீர் இறைத்தனர். நம் நாட்டில் மின்சாரம் உண்டாக்கப்பட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. மாளிகைக்கு விளக்கேற்றுவதற்கு முன்பே ஈயக் குட்டையின் நீரை இறைக்க மின்சாரம் இங்கு வந்தது!

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் எடுத்த நாடு நம் நாடே. 1972-ஆம் ஆண்டில் மட்டும் 76,000 டன்னுக்கு மேல் எடுக்கப்பட்டது. பின்னர் நல்ல தாது நிலங்கள் குறைந்தன. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலக ஈயச் சந்தை சரிந்து விலை வீழ்ந்ததும் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். சுங்கை பீசியில் இருந்த ஹோங் பாட் என்னும் மாபெரும் சுரங்கப் பள்ளம் இன்று ஏரியாகக் காட்சியளிக்கின்றது. சன்வே நகரமும் பழைய ஈய நிலத்தின் மீதே எழுந்துள்ளது. எனினும் இத்தொழில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பேராக் மாநிலத்தின் வடகோடியிலுள்ள கிளியான் இந்தானில் இன்றும் ஈயம் எடுக்கப்படுகின்றது.

முதற்படி: மண்ணிலிருந்து தாதுவைப் பிரித்தல்

பொன் போன்ற சில உலோகங்கள் மட்டுமே மண்ணில் தனித்த நிலையில் கிடைக்கின்றன. ஏனையவை பிற பொருள்களுடன் இணைந்து கற்களாகவும் மணலாகவும் கிடக்கின்றன. இவ்வாறு உலோகத்தைத் தன்னுள் அடக்கியுள்ள, எடுப்பதற்குத் தகுதியான கனிமத்தையே தாது என்கிறோம்.

வெள்ளீயத்தின் தாதுவுக்கு காசிட்டரைட் என்பது பெயர். இதில் வெள்ளீய அணு ஒன்றுடன் ஆக்சிஜன் எனப்படும் பிராணவாயு அணுக்கள் இரண்டு பிணைந்துள்ளன. தூய தாது 100 கிலோ இருப்பின் அதில் ஏறத்தாழ 79 கிலோ வெள்ளீயம் இருக்கும். இத்தாது பார்ப்பதற்குக் கரிய மணலைப் போலத் தோன்றும். நம் நாட்டின் நடுமலைத் தொடரிலுள்ள கருங்கற்பாறைகளில் பிறந்து, பன்னெடுங்காலமாக மழையாலும் ஆற்று நீராலும் கரைத்துக் கொண்டுவரப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் இது படிந்தது.

கூழாங்கல், களிமண், வெண்மணல் ஆகியவற்றோடு கலந்து கிடக்கும் இக்கரு மணலைப் பிரிப்பது எவ்வாறு? அரிசியில் கல் இருந்தால் அன்னையர் என்ன செய்கின்றனர்? தண்ணீர் ஊற்றி அரிக்கின்றனர். அரிசி நீரோடு எழும்பி அடுத்த பாத்திரத்துக்குச் செல்ல, கனமான கல் அடியில் தங்கிவிடுகின்றது. ஈயத் தாதுவையும் இதே முறையில்தான் பிரிக்கின்றனர். வெண்மணல் நீரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஈயத் தாதுவோ ஏழு மடங்கு கனமானது. ஆகவே ஓடும் நீரில் மணல் அடித்துச் செல்லப்பட, தாது அடியில் படிகின்றது.

டூலாங் எனப்படும் அகன்ற மரத்தட்டை ஏந்தி, ஆற்று நீரில் இடுப்பளவு நின்று, தட்டைச் சுழற்றிச் சுழற்றித் தாதுவை அரித்தெடுத்த பெண்கள் பலர் இருந்தனர். பெரிய சுரங்கங்களில் நீரை வேகமாகப் பீச்சி மண்ணைக் கரைத்து, அக்கலங்கல் நீரைப் பாலோங் என்னும் சரிவான நீண்ட மரவாய்க்காலின் மீது ஓடவிட்டனர். வாய்க்காலின் குறுக்கே இருந்த சட்டங்களின் ஓரத்தில் தாது தங்கியது. இன்னும் பெரிய அளவில், நீரில் மிதந்தபடியே வாளித் தொடரால் மண்ணைத் தோண்டும் தூர்வாரிக் கப்பல்களும் பயன்பட்டன. 1938-இல் கட்டப்பட்டு, 1982 வரை பேராக்கில் உழைத்த ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள அத்தகைய கப்பல் ஒன்றைத் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காணலாம்.

நீரால் அரித்த பின்னும் தாதுவோடு வேறு கனமான மணல்கள் சில தங்கிவிடும். அமாங் எனப்படும் இவற்றுள் காந்தத்தால் இழுக்கப்படுபவற்றைக் காந்தக் கருவி கொண்டு நீக்குவர். கந்தகமும் நச்சுப் பொருளாகிய ஆர்செனிக்கும் கலந்திருப்பின் தாதுவை வறுத்து அவற்றைப் போக்குவர்.

இரண்டாம் படி: தாதுவை உருக்கி உலோகமாக்கல்

இப்போது கையில் இருப்பது தூய தாது, உலோகம் அன்று. வெள்ளீயத்தை ஆக்சிஜன் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றது. அப்பிடியை விடுவிக்க வேண்டும். இதற்கு உதவுவது கரி.

தாதுவுடன் கரியும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்து உலையில் இட்டு, 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் காய்ச்சுவர். அவ்வெப்பத்தில் ஆக்சிஜன் வெள்ளீயத்தை விட்டுவிட்டுக் கரியோடு சேர்ந்து வாயுவாக வெளியேறுகின்றது. விடுதலை பெற்ற வெள்ளீயம் உருகி உலையின் அடியில் தேங்குகின்றது. தாதுவில் எஞ்சியிருந்த மணலும் மண்ணும் சுண்ணாம்போடு கூடிக் கசடாகி மேலே மிதக்கின்றன. கசடிலும் ஓரளவு வெள்ளீயம் சிக்கியிருக்கும். ஆதலால் அதனை எறிந்துவிடாமல் மீண்டும் ஒருமுறை உருக்குவர்.

தொடக்கத்தில் சீனத் தொழிலாளர்கள் மரக்கரி இட்டு எரிக்கும் சிறு உலைகளிலேயே ஈயத்தை உருக்கினர். 1887-இல் ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அது 1890-இல் சிங்கப்பூரின் பூலாவ் பிராணித் தீவிலும், பின்னர் பட்டர்வொர்த்திலும் பெரிய உருக்காலைகளை அமைத்தது. இக்காலத்தில் போர்ட் கிள்ளானுக்கு அருகிலுள்ள பூலாவ் இண்டாவிலும் ஈய உருக்காலை இயங்குகின்றது. 1859-இல் கிள்ளான் ஆற்றின் வழியே ஈயம் வெளியேறிய அதே கரையோரத்திற்கு, இன்று வெளிநாட்டுத் தாதுவும் உருக்குவதற்காக வந்து சேர்கின்றது.

மூன்றாம் படி: தூய்மை செய்தல்

உலையிலிருந்து வரும் வெள்ளீயத்தில் இரும்பு, செம்பு, காரீயம் முதலிய மாசுகள் சிறிதளவு கலந்திருக்கும். இவற்றை நீக்குவதில் உலோகங்களின் உருகுநிலை வேறுபாடு பெரிதும் பயன்படுகின்றது.

சரிவான மேடையின் மீது மாசுள்ள ஈயக் கட்டிகளை வைத்து, 232 பாகைக்குச் சற்று மேலாக மட்டும் சூடேற்றுவர். வெள்ளீயம் உருகிச் சரிவில் வழிந்து கீழே சேரும். உருகாத இரும்புக் கலவை மேடையிலேயே நின்றுவிடும். பின்பு, சேர்ந்த வெள்ளீயத்தைக் கொப்பரையில் உருக்கி, பச்சை மரக் கழிகளை அதனுள் அமிழ்த்துவர். ஈர மரத்திலிருந்து எழும் நீராவி உருகிய ஈயத்தைக் கொதிப்பது போலக் கலக்கும். அப்போது மாசுகள் காற்றோடு சேர்ந்து ஏடுபோல மேலே திரளும். அவ்வேட்டை வழித்தெடுப்பர். செம்பை நீக்குவதற்குக் கந்தகம் சேர்ப்பதும் உண்டு. இவ்வாறு தூய்மையாக்கிய ஈயத்தில் 100 பங்குக்கு 99.85 பங்கேனும் வெள்ளீயமாக இருத்தல் வேண்டும் என்பது உலகச் சந்தையின் விதியாகும்.

இங்கு ஒன்றைக் கருதுக. தாதுவிலிருந்து மாசு வரை ஒவ்வொன்றையும் இத்துணை உழைப்பால் நீக்கித்தான் வெள்ளீயம் தூய்மை பெறுகின்றது. அவ்வாறு தூய்மை பெற்றதில் பேராசை காரணமாக மலிவான காரீயத்தைக் கலப்போர், அத்தனை பேருடைய உழைப்பையும் பாழாக்குகின்றனர்.

எல்லா உலோகங்களுக்கும் ஒரே முறையா?

இல்லை. ஆக்சிஜனின் பிடி எவ்வளவு வலியதோ அதற்கேற்ப முறையும் மாறுகின்றது. வெள்ளீயத்தையும் இரும்பையும் கரி விடுவிக்கும். காரீயத்தின் முக்கியத் தாதுவில் கந்தகம் பிணைந்துள்ளது. ஆகவே முதலில் அதனை வறுத்துக் கந்தகத்தைப் போக்கிய பின்பே கரியோடு உருக்குவர். அலுமினியத்தைப் பற்றியுள்ள ஆக்சிஜனையோ கரியால் எளிதில் அசைக்க இயலாது. மின்சாரத்தைச் செலுத்தியே பிரிக்க வேண்டும். இம்முறையை அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் 1886-ஆம் ஆண்டில் தனித்தனியே கண்டறிந்தனர். அதற்கு முன் அலுமினியம் மிக அரிய பொருளாக இருந்தது. இன்று சரவாக்கில் ஆற்று நீரின் விசையால் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு அலுமினியம் பிரிக்கப்படுகின்றது.

கலப்பு உலோகங்களும் அவற்றின் பயன்களும்

அரும்பாடுபட்டுத் தூய்மையாக்கிய உலோகத்தை மீண்டும் வேறொன்றோடு கலப்பது ஏன்? தூய உலோகம் பல வேளைகளில் மிக மென்மையாக இருக்கும். தக்க அளவில் தக்க உலோகத்தைச் சேர்த்தால் உறுதியும் ஒலியும் நிறமும் கூடும். அளவறிந்து கலப்பதே கலப்பு உலோகம். ஏமாற்றுவதற்காகக் கலப்பது கலப்படம்.

வெண்கலம்: செம்பும் வெள்ளீயமும் கலந்தது. தூய செம்பு உருக 1,085 பாகை வெப்பம் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் ஏறத்தாழ 900 பாகையிலேயே உருகிவிடும்; ஆறிய பின் செம்பினும் கடினமாக இருக்கும். கோயில் மணியில் 100 பங்குக்கு ஏறத்தாழ 22 பங்கு வெள்ளீயம் உண்டு. அதன் நீண்ட இனிய ஓசைக்கு அதுவே காரணம். சோழர் காலச் சிற்பிகள் வார்த்த திருமேனிகளில் செம்பே பெரும்பங்கு. மெழுகால் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் அக்கலை தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் இன்றும் வாழ்கின்றது.

பித்தளை: செம்பும் துத்தநாகமும் கலந்தது. பொன்னிறமுடையது. குத்துவிளக்கு, குடம், பூட்டு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுக்குப் பயன்படுகின்றது. சுவாமிமலைக்கு அண்மையிலுள்ள நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பெயர் பெற்றது.

பியூட்டர்: 100 பங்கில் ஏறத்தாழ 97 பங்கு வெள்ளீயமும், மீதி செம்பும் ஆண்டிமணியும் சேர்ந்தது. 1885-ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து கோலாலம்பூர் வந்த யோங் கூன் என்னும் கைவினைஞர் தொடங்கிய தொழிலே இன்று ராயல் சிலாங்கூர் என உலகப் புகழ் பெற்று விளங்குகின்றது. பழங்காலத்து ஐரோப்பியப் பியூட்டர்களில் காரீயமும் கலந்திருந்தது. அதன் தீமையை உணர்ந்த பின், உணவுக்கும் பானத்துக்கும் உரிய பியூட்டரில் காரீயம் விலக்கப்பட்டது.

பற்றாசு: மின்கம்பிகளையும் வானொலி உறுப்புகளையும் ஒட்டுவதற்கு உதவுவது. முன்பு வெள்ளீயமும் காரீயமும் கலந்தே இதனைச் செய்தனர். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்தால் 183 பாகையிலேயே உருகும்; தனித்தனியே உருகும் வெப்பத்தைவிட இது குறைவு. எனினும் 2006-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய நாடுகள் மின்கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தின. அதன்பின் வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவை கலந்த பற்றாசு பரவியது.

எவர்சில்வர்: பெயரில் வெள்ளி இருப்பினும் இதில் வெள்ளி சிறிதும் இல்லை! இது துருப்பிடிக்காத எஃகு. இரும்புடன் குரோமியமும், பெரும்பாலும் நிக்கலும் சேர்ந்தது. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ள வகையே அடுக்களைப் பாத்திரங்களில் பெரிதும் பயன்படுகின்றது.

காசுகள்: 1967-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வழங்கிய பழைய 10, 20, 50 காசு நாணயங்கள் 75 பங்கு செம்பும் 25 பங்கு நிக்கலும் கலந்தவை.

இனி, பால் டின் என்று நாம் கூறும் பெட்டியைக் காண்போம். இது கலப்பு உலோகம் அன்று. எஃகுத் தகட்டின் மீது மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சு உடையது. வலிமை எஃகினுடையது, துருப்பிடிக்காமல் காப்பது வெள்ளீயத்தினுடையது. காந்தத்தை அருகே கொண்டு சென்றால் பால் டின் ஒட்டிக்கொள்ளும். குளிர்பான டின் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது, ஆகவே ஒட்டாது. இச்சிறு சோதனையை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

தோட்டப்புறத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் விரைவில் கெட்டுப் பிசுபிசுத்துப் போகும். ஆதலால்தான் ரப்பர் பாலைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் எடுப்பதில்லை. எந்த உலோகம் எதனோடு பட வேண்டும், எதனோடு படலாகாது என்பதை அறிதல் இன்றியமையாதது என்பதற்கு இதுவும் சான்று. நம் பங்சாருக்கும் ரப்பரோடு தொடர்பு உண்டு. புங்கே, கிரிசார் ஆகிய இருவரின் பெயர்களை இணைத்து ஒரு ரப்பர் தோட்டத்திற்கு இட்ட பெயரே பங்சார் ஆயிற்று என்பர்.

அடுக்களையில் ஈயம்

பித்தளைப் பாத்திரத்தில் புளியோ மோரோ நெடுநேரம் இருந்தால் பச்சை நிறக் களிம்பு ஏறும். அது உடலுக்கு ஆகாது. இதனைத் தடுக்கவே நம் முன்னோர் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினர். ஈயம் பூசுபவர் பாத்திரத்தைத் துலக்கி, நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயக் குச்சியைத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். கண் இமைக்கும் நேரத்தில் உட்புறம் வெள்ளியாய்ப் பளபளக்கும்! நவச்சாரம் பாத்திரத்தின் மேலுள்ள மாசை நீக்குவதால் வெள்ளீயம் நன்கு பற்றிக்கொள்கின்றது.

அவ்வாறே வெள்ளீயத்தால் ஆன ஈயச் சொம்பில் ரசம் வைப்பதும் நம் வழக்கம். சொம்பில் நீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று பாட்டிமார் கூறுவர். இதில் அறிவியல் உண்மை உள்ளது. நீர் உள்ள வரை சொம்பின் வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் வெப்பம் 232 பாகையைத் தாண்டி, சொம்பே உருகிவிடும்.

இவையெல்லாம் தூய வெள்ளீயத்திற்கே பொருந்தும். பூசும் ஈயத்திலோ சொம்பிலோ காரீயம் கலந்திருந்தால் நன்மை தீமையாகிவிடும். புளி, எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றின் புளிப்பு காரீயத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உண்பவர் அறியவே மாட்டார்.

காரீயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளையே மிகுதியாகத் தாக்குகின்றது. குழந்தையின் உடல் அதனை விரைந்து ஈர்த்துக்கொள்கின்றது. அது எலும்பில் தங்கி, மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கின்றது. படிப்பில் கவனக் குறைவு, இரத்தச் சோகை, வயிற்று வலி ஆகியவை தோன்றலாம். வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். குழந்தைகளுக்குத் தீங்கற்றது என்று கூறத்தக்க காரீய அளவு எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. 2021-ஆம் ஆண்டோடு உலகெங்கும் வாகனப் பெட்ரோலிலிருந்து காரீயம் அகற்றப்பட்டதும் இது கருதியே. படிப்பில் பின்தங்கிய குழந்தையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் முன், இத்தகைய காரணமும் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

எவ்வாறு தெரிந்துகொள்வது? தூய வெள்ளீயக் குச்சியை வளைத்தால் அதனுள்ளிருந்து கிறீச்சென்று மெல்லிய ஓசை எழும். காரீயத்தில் இவ்வோசை இல்லை. காரீயத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால் கரிய கோடு விழும். ஆனால், இச்சோதனைகள் தனித்த வெள்ளீயத்தையும் தனித்த காரீயத்தையும் வேறுபடுத்த மட்டுமே உதவும். வெள்ளீயத்தில் சிறிதளவு காரீயம் கலந்திருப்பதைக் கண்ணாலோ காதாலோ கண்டறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும்.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஈயச் சொம்பு வாங்கும்போது காரீயம் கலவாதது என்பதற்கான ஆய்வுச் சான்றைக் கேளுங்கள். ஐயம் இருப்பின் அச்சொம்பில் சமைக்க வேண்டா. எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தாலும் ரசம் ரசமே.

2. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம் மட்டுமே பூச வேண்டும் என்று கூறுங்கள். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் புளிக் குழம்பு வைக்காதீர்கள்.

3. பழைய வாகன மின்கலத்தை உடைப்பதும், அதிலுள்ள காரீயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்பதும் வீட்டிலும் வீட்டின் அருகிலும் கூடா. அதன் புகையும் தூசும் குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் எளிதில் செல்லும்.

4. மின்கல வேலை, பற்றாசு வேலை செய்வோர் வீடு திரும்பியதும் கைகழுவி, உடைமாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்குதல் வேண்டும்.

5. குழந்தையின் உடலில் காரீயம் சேர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் மருத்துவரை நாடுங்கள். இரத்தச் சோதனையால் உண்மையை அறியலாம்.

முடிவுரை

காரீயம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. வாகனத்தின் மின்கலத்திலும், மருத்துவமனையில் எக்ஸ்ரே கதிர்களைத் தடுக்கும் கவசத்திலும் அது அரும்பணி ஆற்றுகின்றது. அதன் இடம் அது. உணவுப் பாத்திரம் அதன் இடம் அன்று. ஒரு பொருளை நன்று, தீது என்று பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், அது எது, எதனோடு கலந்துள்ளது, எங்கே பயன்படுகின்றது என்று கேட்டறிவதே அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! இன்று வீட்டுக்குச் சென்றதும் அடுக்களையில் உள்ள பாத்திரங்களைப் பாருங்கள். இது என்ன உலோகம் என்று அன்னையிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் ஈயம் என்று கூறினால், வெள்ளீயமா, காரீயமா என்று மறுபடியும் பணிவோடு கேளுங்கள். அவ்வொரு கேள்வி உங்கள் தம்பி தங்கையரைக் காக்கக்கூடும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. வெள்ளீயத்திற்கும் காரீயத்திற்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினைக் கூறுக.
2. அரிசி அரிப்பதற்கும் டூலாங் தட்டில் ஈயத் தாது அரிப்பதற்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. ஈய உலையில் கரியின் பணி என்ன? சுண்ணாம்புக் கல்லின் பணி என்ன?
4. கலப்பு உலோகத்திற்கும் கலப்படத்திற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
5. நீர் ஊற்றிய ஈயச் சொம்பு அடுப்பில் உருகாமல் இருப்பது ஏன்?